படத்தின் கூற்று யாருடையது? – வகுப்பறையில் புகைப்படம் வாசித்தல்

தமிழ் படிப்பிக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அகப்பாட்டொன்றைக் கையில் எடுத்தால் முதலில் கேட்பது இது யார் கூற்று என்பதுதான். தலைவி சொல்கிறாளா, தோழி சொல்கிறாளா, செவிலி சொல்கிறாளா? யார் கேட்கும்படி சொல்கிறாள்? எந்த நேரத்தில்? எதைச் சொல்லாமல் விடுகிறாள்? இவற்றுக்கு விடை தெரியாமல் குறுந்தொகைப் பாட்டொன்றைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியாது. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த காலத்தில் எங்களுக்கு முதலில் பழக்கிய ஒழுக்கமும் அதுதான்.

ஆனால் அதே வகுப்பறையில் இருக்கிற பிள்ளைகள் காலையில் கண்விழித்ததிலிருந்து படுக்கும்வரை படம் பார்க்கிறார்கள். பத்திரிகைப் படம், வட்ஸ்அப்பில் வரும் படம், பேஸ்புக்கில் யாரோ பகிர்ந்த படம். அவற்றில் ஒன்றைப் பார்த்தாவது 'இது யார் கூற்று?' என்று கேட்க நாங்கள் அவர்களைப் பழக்கவில்லை. சொல்லுக்கு ஆசிரியன் உண்டு, படத்துக்கு ஆசிரியன் இல்லை என்றே அவர்கள் நினைக்கிறார்கள். படம் தானாக விழுந்தது. கெமரா கண்டதை அப்படியே காட்டுகிறது. "படம் பொய் சொல்லுமா டீச்சர்?" என்று தரம் 10இல் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. சில வருடங்களுக்கு முன் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற வேலை தொடங்கியது. அதில் சரிவந்ததையும் பிழைத்ததையும் இரண்டையும் எழுதுகிறேன். பிழைத்தது என்னுடைய பிழை என்பதால் அதை ஒளிக்க முடியாது.

முதலில் ஒரு குறை. ஊடக அறிவு என்ற பெயரில் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் நடக்கிற செயலமர்வுகளுக்கு நானும் போயிருக்கிறேன். அங்கே பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பது ஒரே விடயம்: போலிப் படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடிப் பார், பழைய படமா என்று பார், ஒட்டுவேலையா என்று பார். இது தேவைதான். ஆனால் இதோடு நிறுத்தினால் பிள்ளைகள் என்ன விளங்கிக்கொள்கிறார்கள்? ஒட்டுவேலை இல்லாத படம் உண்மை, அதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று. ஒரு புள்ளிகூட மாற்றாத உண்மையான படம் எப்படி ஒரு கருத்தைக் கட்டியெழுப்புகிறது என்ற கேள்வி அந்தச் செயலமர்வுகளின் வாசலோடு நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்விக்குப் புதிய கருவி தேடி நான் எங்கும் போகவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளைச் சொல்லும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் என்று வரிசைப்படுத்துகிறது. இந்த ஏழையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஒரு படத்தை ஒட்டினேன். தொல்காப்பியர் புகைப்படத்துக்கு இலக்கணம் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. கையில் இருக்கிற அகப்பையால் சோறும் அள்ளலாம், கறியும் அள்ளலாம். அவ்வளவுதான்.

அச்சமா, வெகுளியா?

முதலில் எடுத்தது எல்லோரும் எங்கேயோ கண்டிருக்கக்கூடிய ஒரு முகம். 1984இல் பாகிஸ்தானின் பெஷாவருக்கு அருகே நாஸிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்த ஆப்கான் சிறுமியின் படம். 1985 ஜூன் மாத நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையில் வந்தது. கிழிந்த சிவப்புப் போர்வை, பச்சைக் கண்கள், நேரே எங்களைப் பார்க்கிற பார்வை.

வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதிக்கு வெறும் படம். மறு பாதிக்கு அட்டையில் இருந்த வாசகத்தின் கருத்தோடு சேர்த்துப் படம். அந்த வாசகம், இந்தக் கண்கள் ஓர் ஆப்கான் அகதியின் அச்சங்களைச் சொல்கின்றன என்ற பொருளில் அமைந்தது. பிறகு எண்வகை மெய்ப்பாட்டையும் பலகையில் எழுதி, இந்த முகத்தில் எது தெரிகிறது என்று கேட்டேன். வாசகத்தோடு பார்த்த பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரும் 'அச்சம்' என்று எழுதினார்கள். வெறும் படம் பார்த்தவர்கள் பல விதமாக எழுதினார்கள். சிலர் மருட்கை, சிலர் வெகுளி, ஒரு மகன் பெருமிதம் என்றுகூட எழுதியிருந்தார்.

அதன் பிறகுதான் கதையைச் சொன்னேன். அந்தச் சிறுமியின் பெயர் பல வருடங்களாக உலகத்துக்குத் தெரியாது. 2002இல்தான் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஷர்பத் குலா. அதுவரைக்கும் அந்தப் படத்தை அவர் கண்டதே இல்லை. படம் எடுத்த நாளைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது தன் கோபம் என்று அதே சஞ்சிகை 2002இல் எழுதியது. முன்பின் தெரியாத ஓர் ஆண் தன்னைப் படம் எடுக்கிறான் என்ற கோபம்.

அப்படியானால் பதினேழு வருடமாக உலகம் அச்சம் என்று வாசித்தது வெகுளியை. கெமரா பொய் சொல்லவில்லை. முகம் அந்த முகம்தான். பக்கத்தில் வைத்த ஒரு சொல்தான் மெய்ப்பாட்டை மாற்றியது. முகத்தின் கூற்று சிறுமியினது. அச்சம் என்ற கூற்று சஞ்சிகையினது. இரண்டையும் ஒரே குரலாகக் கேட்டது எங்கள் பிழை.

இன்னொரு விடயமும் இருக்கிறது. அதே வேளையில் எடுத்த இன்னொரு படத்தில் அந்தச் சிறுமி போர்வையால் முகத்தின் கீழ்ப்பாதியை மூடியிருக்கிறாள். அட்டைக்குப் போனது மூடாத படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னது: "மூடினது அவ எடுத்த முடிவு டீச்சர். மத்தது அவங்க எடுத்த முடிவு." இதைவிடச் சுருக்கமாக நான் விளங்கப்படுத்தியிருக்க முடியாது.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொன்னேன். அந்தப் படத்தால் ஆப்கான் அகதிகளின் நிலை பலருடைய மனதைத் தொட்டது. 2002க்குப் பிறகு ஆப்கான் பெண்பிள்ளைகளின் கல்விக்கென்று அந்தச் சஞ்சிகை நிதியம் ஒன்றையும் தொடங்கியது. ஆனால் 2016இல் அதே ஷர்பத் குலா போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைது செய்யப்பட்டு ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். 2021இல் இத்தாலி அவருக்கு இடம் கொடுத்தது. உலகம் முழுக்கத் தெரிந்த முகம். அந்த முகத்துக்குரியவருக்கோ ஓர் அடையாள அட்டை இல்லை. 'பயன்' என்ற உறுப்புக்குக் கீழே பிள்ளைகள் இதைத்தான் எழுதினார்கள்: படத்தின் பயன் யாருக்கு?

சதுக்கத்தின் எச்சம்

எச்சம் என்பது செய்யுளில் சொல்லாமல் விட்டது. சொல்லாலோ குறிப்பாலோ கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டியது. புகைப்படத்தில் எச்சம் என்பது சட்டகத்துக்கு வெளியே நிற்பது. இதை விளங்கப்படுத்த நான் எடுத்தது 2003 ஏப்ரல் 9ஆந் திகதி பக்தாதின் பிர்தௌஸ் சதுக்கத்தில் சதாம் ஹுசைனின் சிலை விழுந்த காட்சி.

என் வயதுக்காரர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தோம். விடுதியில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றோம். சிலை, கயிறு, சிலையைச் சுற்றிச் சனக்கூட்டம், விழுந்த சிலையின் தலையைச் செருப்பால் அடிக்கிற மனிதர்கள். பக்தாத் முழுக்கத் தெருவில் இறங்கிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிறகுதான் அதே சதுக்கத்தைத் தூரத்திலிருந்து அகலமாக எடுத்த படங்களைக் கண்டேன். சிலையைச் சுற்றி ஒரு சிறு கூட்டம். சதுக்கத்தின் பெரும்பகுதி வெறும் தரை. ஓரங்களில் அமெரிக்கத் தாங்கிகள். சிலையை இறுதியில் இழுத்து விழுத்தியதும் அமெரிக்க மரைன் படையின் மீட்பு வாகனம்தான். அதற்கு முன் ஒரு படைவீரர் சிலையின் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்தினார். கொஞ்ச நேரத்தில் அதை எடுத்துவிட்டு ஈராக் கொடி வந்தது.

நெருக்கமாக எடுத்த படமும் உண்மை, அகலமாக எடுத்த படமும் உண்மை. அங்கே வந்து நின்றவர்களின் சந்தோசமும் நடிப்பு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த ஆட்சியில் வதைபட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு சட்டகம் 'ஒரு நகரம் எழுந்தது' என்கிறது. மற்றது 'ஒரு படை வந்தது, சிலர் கூடினார்கள்' என்கிறது. எதைத் தெரிவது என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்.

களனையும் கேளுங்கள் என்றேன். அந்தச் சதுக்கம் ஏன்? வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்த பலஸ்தீன் ஹோட்டல் அந்தச் சதுக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. கெமராக்கள் இருந்த இடத்திலேயே நிகழ்ச்சியும் நடந்தது. காலத்தையும் கேளுங்கள். அதற்கு முதல் நாள், ஏப்ரல் 8ஆந் திகதி, அதே ஹோட்டலை அமெரிக்கத் தாங்கியின் குண்டு தாக்கி இரண்டு கெமராக்காரர்கள் இறந்தார்கள். ஒரு நாள் இடைவெளி. முதல் நாளில் நடந்தது அடுத்த நாள் படத்தின் எச்சமாகப் போய்விட்டது.

இதற்கு ஒரு கைவேலையும் வைத்தேன். கார்ட்போர்டில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றுக்கொன்று எதிராக வைத்தால் பெருப்பிக்கவும் சிறுப்பிக்கவும் கூடிய ஒரு சட்டகம் கிடைக்கும். எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியின் பெரிய படம் ஒன்றின் மேல் அதை வைத்து, ஒரே படத்திலிருந்து மூன்று செய்தி செய்யச் சொன்னேன். ஒரு குழு வென்ற பிள்ளையின் முகத்தை எடுத்தது. ஒரு குழு மரநிழலில் தூங்கி விழுகிற ஓர் ஆசிரியரை எடுத்தது. மூன்றாவது குழு வெயிலில் மயங்கிக் கிடந்த பிள்ளையையும் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவரும் தோழியையும் எடுத்தது. ஒரே மைதானம், ஒரே நொடி, மூன்று செய்தி. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாளிலிருந்து பத்திரிகையைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது.

பக்கத்தில் வைப்பதும் ஒரு கூற்று

1920ஐ அண்டிய ஆண்டுகளில் ரஷ்யத் திரைப்படக்காரர் லெவ் குலெஷொவ் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகம். அந்த ஒரே காட்சியை ஒரு தடவை சூப் கோப்பைக்குப் பக்கத்திலும், ஒரு தடவை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், ஒரு தடவை ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் வைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறாக அந்த முகத்தில் கண்டார்கள் என்பது சினிமா படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை.

நிறமும் அப்படித்தான். 1994 ஜூனில் அமெரிக்காவில் ஓ. ஜே. சிம்சன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானபோது பொலிஸார் எடுத்த ஒரே படத்தை டைம், நியூஸ்வீக் என்ற இரண்டு வார சஞ்சிகைகளும் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் படத்தை இருந்தபடி போட்டது. டைம் அதை இருட்டாக்கிப் போட்டது. கறுப்பு மனிதர் ஒருவரின் தோலை இன்னும் கறுப்பாக்கினால் குற்றம் கூடித் தெரியும் என்ற நினைப்பு அந்த இருட்டுக்குள் இருந்ததாகப் பலர் கண்டித்தார்கள்.

இந்த இரண்டையும் படிப்பித்துவிட்டு, நான் 2019இல் வெட்டி வைத்திருந்த பத்திரிகைத் துண்டுகளை எடுத்தேன். ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு வந்தவை. ஏப்ரல் 29 முதல் அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது நினைவிருக்கும். அந்தக் கிழமைகளில், கைது பற்றிய செய்தி என்றாலும் சரி, சோதனை பற்றிய செய்தி என்றாலும் சரி, பக்கத்தில் ஒரு படம் வரும்: அபாயா அணிந்த இரண்டு மூன்று பெண்கள், பின்பக்கமிருந்து. பெயரில்லை, ஊரில்லை, எப்போது எடுத்தது என்றில்லை. அவர்கள் மரக்கறி வாங்கப் போகிறவர்களாக இருக்கலாம், பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறவர்களாக இருக்கலாம். படத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் குலெஷொவின் சவப்பெட்டியைப் போல, பக்கத்தில் இருந்த செய்தி அந்த முதுகுகளுக்கு ஒரு பொருளை ஏற்றியது. அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனம் காலியாகவே வந்ததை எங்களில் எத்தனை பேர் மறப்போம்?

ஒரு கேள்வியும் ஒரு தலையசைப்பும்

அசையும் படத்துக்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகச் சொல்லிச் சண்டை தொடங்கியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கடையில் இருந்தவர் 'ஓம், போட்டோம்' என்று ஒத்துக்கொள்வது போன்ற கைப்பேசி வீடியோ நாடெங்கும் பரவியது. அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியாது. சுற்றிவர ஆத்திரத்தோடு நிற்கிறவர்கள் கேட்பது என்ன என்று விளங்காமல், பயத்தில் சொன்ன விடை அது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று வந்தது. ஆனால் வீடியோ போன தூரத்துக்கு அந்த அறிக்கை போகவில்லை. அடுத்த கிழமை கண்டிப் பக்கம் திகனையில் வன்செயல் வெடித்து, மார்ச் 7ஆந் திகதி சமூக வலைத்தளங்களை அரசாங்கம் முடக்க வேண்டி வந்தது.

இந்த வீடியோவை நான் வகுப்பில் காட்டுவதில்லை. அந்த மனிதரை மறுபடியும் அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வராது. வாயால் சொல்லி, ஏழு உறுப்பையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். கூற்று யாருடையது? விடை சொன்னவருடையது போலத் தெரிகிறது. ஆனால் கேள்வியைச் செய்தவர், கெமராவைப் பிடித்தவர், எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்தவர், எல்லோரும் கெமராவுக்குப் பின்னால் நிற்கிறார்கள். மெய்ப்பாடு அச்சம்; அதைக் குற்றவாளியின் அச்சமாக வாசித்தார்கள். பயன் என்னவென்று எரிந்த கடைகளைப் பார்த்தால் தெரியும். தமிழ் வகுப்பில் கூற்றும் கேட்போரும் படிப்பிப்பது பரீட்சைக்கு மட்டுமில்லை என்று எனக்கு உறைத்த இடம் இது.

"அப்ப எல்லாம் செட் தானே?"

இப்படிப் படிப்பித்துக்கொண்டு வந்தபோது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. தரம் 11இல் கெட்டிக்கார மகன் ஒருவர். காஸாவிலிருந்து வந்த படங்களைப் பற்றிக் கதை வந்தபோது, "அப்ப எல்லாமே செட் பண்ணி எடுக்கிறதானே டீச்சர். இதுகளயும் எப்பிடி நம்புற?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தை நம்பாதே என்று சொல்லிச் சொல்லி, எதையும் நம்பாத ஒரு பிள்ளையை நானே உருவாக்கிவிட்டேனா? எல்லாவற்றையும் நம்புகிற பிள்ளையை ஏமாற்றலாம். எதையும் நம்பாத பிள்ளைக்கு முன்னால் ஓர் ஊரையே அழித்துவிட்டு 'நடக்கவில்லை' என்று சொல்லிவிடலாம். இரண்டாவது ஆபத்து முதலாவதைவிடச் சிறியதில்லை.

அடுத்த பாடத்துக்கு ஒரு படத்தைக் கொண்டுபோனேன். றோய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் பலஸ்தீனப் புகைப்படக்காரர் முஹம்மத் ஸாலிம் 2023 ஒக்டோபர் 17ஆந் திகதி கான் யூனிஸ் நாஸர் வைத்தியசாலையில் எடுத்தது. 2024இல் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதுகளில் ஆண்டின் சிறந்த படமாகத் தெரிவானது. ஒரு பெண் நிலத்தில் குந்தியிருந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்ன மையித்தை நெஞ்சோடு அணைத்திருக்கிறார். அது அவருடைய சகோதரரின் ஐந்து வயது மகள். அந்தப் பெண்ணின் முகம் தெரியவில்லை. குழந்தையின் முகமும் தெரியவில்லை. இரத்தமில்லை, சிதைந்த உடலில்லை.

"இதில தெரிவு இரிக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். கெமரா எவ்வளவு நெருக்கம், யாரைச் சட்டகத்துக்குள் எடுத்தது, முகத்தைக் காட்டாத அந்த நொடி, எல்லாம் தெரிவுதான். "அப்ப பொய்யா?" வகுப்பு அமைதியானது. அந்த மகன்தான் கடைசியில் சொன்னார்: "தெரிவு இரிக்கி டீச்சர், பொய் இல்ல."

அவ்வளவுதான் பாடம். குறிஞ்சியைப் பாடிய புலவன் பாலையைப் பாடவில்லை என்பதற்காக அவன் பொய்யனில்லை. தெரிவில்லாமல் கவிதையுமில்லை, படமுமில்லை. அதனால் இப்போது ஏழு உறுப்புக்கும் முன்னால் ஒரு கேள்வியை வைக்கிறேன்: இது நடந்ததா? ஸூரத்துல் ஹுஜுராத்தில் செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளச் சொன்ன கட்டளையைப் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறார்கள். விசாரி என்றுதான் சொல்லியிருக்கிறது, நிராகரி என்று சொல்லவில்லை. நடந்தது உறுதியான பிறகுதான் கூற்று, களன், எச்சம் எல்லாம்.

நான் கொண்டுபோன படம்

இனி என்னுடைய பிழை.

மற்றவர்கள் எங்களைப் படம் எடுத்த விதத்தைப் பற்றி இவ்வளவு கதைத்த பிறகு, நாங்கள் எங்களை எடுக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நோன்பு காலத்திலும் எங்கள் ஊர்களில் உலர் உணவுப் பொதி கொடுக்கிறார்கள். நல்ல காரியம். அதன் படங்கள் பேஸ்புக்கில் வரும், உள்ளூர்ச் சஞ்சிகைகளிலும் வரும். எல்லாப் படமும் ஒரே அச்சில் வார்த்தது. பின்னால் பதாகை. நடுவில் கொடுப்பவர்கள் நாலைந்து பேர், நேரே கெமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒரு பெண், தலை குனிந்து, கை நீட்டி. பதாகையில் கொடுத்தவர்களின் பெயர் இருக்கும். வாங்குகிறவர் 'பயனாளி'. ஒரு வயதான தாயின் கையில் பொதியின் ஒரு முனையையும் கொடுப்பவரின் கையில் மறு முனையையும் வைத்து, "கொஞ்சம் இஞ்சால பாருங்க உம்மா" என்று சொல்லிப் படம் எடுத்து முடிக்கும்வரை பொதியை விடாமல் பிடித்திருந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஸதக்காவைச் சொல்லிக்காட்டியும் நோவித்தும் வீணாக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை ஸூரத்துல் பகராவில் இருக்கிறது. அதை மிம்பரில் ஓதுகிற அதே ஊரில்தான் இது நடக்கிறது.

இப்படியான ஓர் அச்சடித்த படத்தை தரம் 10 வகுப்புக்குக் கொண்டுபோனேன். மெய்ப்பாடு என்ன என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த விடை இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கிலும் பிறக்கிற இளிவரல். நல்ல உதாரணம் கிடைத்தது என்ற சந்தோசத்தில் இருந்தேன். படத்தை முன் வரிசையிலிருந்து ஒவ்வொருவராகக் கைமாற்றிக்கொண்டு போனபோது, மூன்றாவது வரிசையில் யாரோ மெல்லச் சொன்னார்கள், "இது இவட உம்மாவெல்லா."

அந்தப் பிள்ளை அங்கேயே இருந்தது. நான் பெயர் சொல்லமாட்டேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படத்தைத் திரும்ப வாங்கிக் கொப்பிக்குள் வைத்தேன். பாடத்தை நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளை அடுத்த மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை.

நாலாவது நாள் நான் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். உம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை. வாசல்வரை வந்த பிள்ளைதான் சொன்னது:

"என்ட உம்மா குனியல்ல டீச்சர். தங்கச்சியும் கூடப் போன. சனத்துக்குள்ள அவ உழப் பாத்த. உம்மா அவவப் புடிக்கத்தான் திரும்பின. தங்கச்சி போட்டோவில உழல்ல."

எச்சம். சட்டகத்துக்கு வெளியே ஒரு சின்னப் பிள்ளை இருந்திருக்கிறது. படம் எடுத்தவர் அந்த நொடியைத் தெரிந்தார். அச்சிட்டவர் ஓரத்தை வெட்டினார். ஒரு தாய் பிள்ளையைப் பிடிக்கக் குனிந்தது, கொடுப்பவர்களுக்கு முன்னால் தலை குனிந்ததாக மாறியது. எச்சத்தைப் பற்றி ஒரு தவணை முழுக்கப் படிப்பித்த நான், எனக்குத் தேவையான பொருளை ஏற்கெனவே மனதில் எழுதி வைத்துவிட்டுத்தான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். இளிவரல் என்ற சொல்லை அந்தப் பெண்ணின் தலையில் வைத்தது நானும்தான். ஷர்பத் குலாவின் கோபத்துக்கு அச்சம் என்று பெயர் வைத்த சஞ்சிகையை விமர்சித்த அதே வாயால்.

அந்தப் பிள்ளை திரும்ப வந்தது. நான் வகுப்புக்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை; அதைச் சொல்வதும் சொல்லாததும் பிள்ளையின் விருப்பம் என்று விட்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகு பிள்ளை தானாகவே எழும்பிச் சொன்னது. வகுப்பில் நான் கேட்ட படவிமர்சனங்களில் ஆகச் சிறந்தது அதுதான்.

செய்யக் கூடியவை

அதற்குப் பிறகு எனக்கென்று சில ஒழுங்குகளை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் மனிதர்கள் இருக்கிற படத்தை அவர்களைக் கேட்காமல் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. படத்துக்கு நான் விடை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதில்லை. விமர்சிக்க ஒரு படம் எடுத்தால், நல்ல தெரிவு உள்ள ஒரு படத்தையும் பக்கத்தில் வைக்கிறேன். ஒவ்வொரு தவணையும் பிள்ளைகள் தாங்களே ஒரு படம் எடுத்து, எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். எடுத்துப் பார்த்த பிள்ளைக்கு வாசிப்பது லேசு.

சக ஆசிரியர்களிடம் கேட்பது: இதற்கு ஊடகப் பாடம் என்று தனியான ஒன்று தேவையில்லை. தமிழ்ப் பாடத்தில், கூற்றும் மெய்ப்பாடும் வருகிற இடத்தில், ஒரு படத்தையும் வையுங்கள். செலவு ஒரு போட்டோகொப்பி.

நோன்பு காலத்தில் பொதி கொடுக்கிற சகோதரர்களிடம் கேட்பது: கணக்குக் காட்டப் படம் தேவை என்கிறீர்கள், விளங்குகிறது. அடுக்கி வைத்த பொதிகளை எடுங்கள். மூட்டை கட்டுகிற இளைஞர்களின் கைகளை எடுங்கள். வாங்குகிறவரின் முகத்தை விட்டுவிடுங்கள். காஸாவின் ஒரு வைத்தியசாலையில், சாவுக்கு நடுவில் நின்ற ஒரு புகைப்படக்காரருக்கு முகத்தைக் காட்டாமல் படம் எடுக்க முடிந்தது என்றால், எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் முடியாதா?

எங்கள் சஞ்சிகை ஆசிரியர்களிடமும், இந்தச் சஞ்சிகை உட்பட, ஒரு வேண்டுகோள். கட்டுரைக்கு எழுதியவரின் பெயரைப் போடுகிறீர்கள். படத்துக்கும் எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி போடுங்கள். வெட்டியிருந்தால் வெட்டியதாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால், நான் அந்தப் படத்தைக் கொண்டுபோவதற்கு முன் எடுத்தவரைத் தேடிக் கேட்டிருப்பேன்.